இரண்டு நொடிச் சேமிப்பு

காலை பதினொன்றே காலுக்குத் தையல் மெஷின் நின்றுபோயிற்று. பதினெட்டுக் கோட்டுகள் முடிந்து கட்டிலின்மேல் அடுக்கிக் கிடந்தன. இன்னும் ஆறுக்குக் கை பொருத்தி ஓரம் அடிக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குள் இருபத்து நான்கையும் புதிய விடுதியின் மேற்பார்வையாளர் அம்மாளிடம் ஒப்படைத்தாக வேண்டும். மறுநாள் விடுதிக்குத் திறப்பு விழா; ஊழியர்கள் அணிய வேண்டிய கோட்டுகள் அவை.

"நேரத்துக்குக் குடுத்துட்டீங்கன்னா, இனிமே எங்க துணி மொத்தமும் உங்களுக்குத்தான். லேட்டாச்சுன்னா என்கிட்ட ஒண்ணும் பேசாதீங்க" என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்தாரின் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்தே பத்தாண்டுகளைக் கடத்திய தையற்காரிக்கு இது முதற்பெரும் வேலை. அவள் பெடலை இன்னொரு முறை மிதித்தாள். மெஷின் கல்லாய் நின்றது.

"என்னங்க! கொஞ்சம் வாங்களேன்."

அன்று விடுமுறையாதலால் கணவர் அடுத்த அறையில் இருந்தார். வாரத்தில் ஐந்து நாள் அவர் காப்பீட்டு அலுவலகத்துக் குமாஸ்தா. எஞ்சிய இரண்டு நாள் மின்னணுவியல் பேரறிஞர். அவருடைய மேசையில் உருப்பெருக்கி இருந்தது. மின்னலையைப் படமாகக் காட்டும் கருவி இருந்தது. உள்ளங்கையளவுக் கணினிகள் முப்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றும் என்றோ ஒரு நாள் ஏதோ ஒன்றைச் செய்வதற்கென வாங்கப்பட்டது. இதுகாறும் அவர் முழுமையாகச் செய்து முடித்த பொருள் ஒன்றே: எந்தப் பாகம் எந்த இழுப்பறையில் உள்ளது என்று விளக்கெரிந்து காட்டும் பெட்டி. அதிலும் இரண்டு விளக்குகள் பொய் சொல்லும்.

ஆயினும் அவரைக் குறை சொல்லலாகாது. வந்தார், மீட்டரை வைத்துப் பார்த்தார், இரண்டே நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். பெடலுக்குள் போகும் மூன்று மெல்லிய ஒயர்களுள் ஒன்று நடுவில் அறுந்திருந்தது.

"இவ்ளோதானா? அப்ப முறுக்கி டேப் சுத்திடலாமே?" என்றாள் அவள்.

அவள் ஏதோ தகாத சொல்லைச் சொல்லிவிட்டாற்போல் அவர் முகம் சுளித்தார். "முறுக்குறதா? நம்ம வீட்டுலயா? ஒரே ஒரு சொட்டு ஈயம். சால்டரிங் அயர்ன் எடுத்தா அஞ்சு நிமிஷம்."

ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டும் அந்தச் சால்டரிங் அயர்ன் அவரிடம் மூன்று உண்டு. முதலாவதற்கு முனை இல்லை. அது கடல் கடந்து வந்துகொண்டிருந்தது, ஆறு மாதமாக. இரண்டாவதை மேம்படுத்துவதற்காகப் பிரித்திருந்தார். மேம்பட்ட பகுதிகள் ஒரு டப்பாவில் இருந்தன. மூன்றாவதுதான் புதிது. பேனா போன்றது, செல்போன் சார்ஜரிலேயே சூடேறும், நகத்தளவு திரையும் உண்டு. அவர் அதைச் சொருகினார். திரையில் எழுத்து ஓடிற்று.

"அட, புது அப்டேட் வந்திருக்கு!"

"அது கிடக்கட்டும். முதல்ல ஒயரை ஒட்டுங்க."

"புரியாமப் பேசாத. இப்ப சூடாக எட்டு நொடி ஆகுது. அப்டேட் போட்டா ஆறே நொடி."

இரண்டு நொடியை மிச்சப்படுத்தும் திருப்பணி பதினொன்று முப்பதுக்குத் தொடங்கிற்று. பதினொன்று நாற்பதுக்குத் திரை அணைந்தது. பிறகு எரியவேயில்லை. கணவர் அதைக் குலுக்கினார், கழற்றிச் சொருகினார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அது மழைக்காலத்துக் கரண்டியைப் போலக் குளிர்ந்திருந்தது.

"ஒண்ணும் பயப்படாத. டையோடுகிட்ட கேக்குறேன்."

டையோடு என்பவர் அவருடைய மின்னணு ஆர்வலர் குழுவின் மூத்த உறுப்பினர். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும் பாகத்தின் பெயர் அவருக்கு வாய்த்ததற்குக் காரணம் உண்டு. அவர் வாயிலிருந்து பேச்சு வெளியே வரும். எதிரே இருப்பவர் பேச்சு அவர் காதுக்குள் செல்லாது.

"தலைவரே, அப்டேட்டை நடுவுல நிறுத்திருப்பீங்க" என்றார் டையோடு, செல்போனின் ஒலிபெருக்கியில்.

"நான் தொடவே இல்லைங்க."

"அதான், நிறுத்தக் கூடாது. சரி, ஒரு சின்ன கம்ப்யூட்டரை எடுங்க. அது வழியா உள்ள ஏத்திடலாம்."

முப்பத்தொன்றில் ஒன்று எடுக்கப்பட்டது. அதற்கு மெமரி கார்டு இல்லை. கார்டு இருந்த கணினிக்குத் திரையில் மாட்டும் கேபிள் பொருந்தவில்லை. இழுப்பறைப் பெட்டி கேபிள் இருக்குமிடமாகக் காட்டிய விளக்கோ பொய் சொல்லும் இரண்டில் ஒன்று. மேசை நிறைந்தது, நாற்காலி நிறைந்தது, கோட்டுகள் கிடந்த கட்டிலின் ஓரத்தையும் ஒரு பலகை பிடித்துக்கொண்டது.

"துணி மேல எதையாவது வெச்சீங்க, அப்புறம் நடக்குறதே வேற" என்றாள் தையற்காரி. மணி ஒன்று இருபது.

"தலைவரே, இப்ப அயர்னோட மூடியைத் திறங்க. உள்ள ரெண்டு புள்ளி தெரியுதா?"

"தெரியுது, தெரியுது!"

"அவ்ளோதான், ஜெயிச்சிட்டோம். அந்த ரெண்டு புள்ளியிலயும் புள்ளிக்கொரு ஒயரை சால்டர் பண்ணுங்க."

கணவர் தம் கையில் குளிர்ந்து கிடந்த அயர்னைப் பார்த்தார். டையோடோ, எந்தக் கனத்து ஒயர் சிறந்தது என்பதை விளக்கிக்கொண்டேயிருந்தார்.

தையற்காரி எழுந்தாள். மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். அறுந்த ஒயரின் இரு முனைகளையும் பல்லால் கடித்து உறையை உரித்தாள், முறுக்கினாள், நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டு, அதன்மேல் டேப்பை ஒட்டினாள். பிளக்கைச் சொருகி மிதித்தாள். மெஷின் கடகடவென ஓடிற்று.

"அது நிரந்தரமான ஜாயின்ட் இல்ல" என்றார் கணவர், மெலிந்த குரலில்.

"நாலு மணி வரைக்கும் நின்னாப் போதும். நீங்க இப்படி வந்து உக்காருங்க."

"நானா? எதுக்கு?"

"பிசிறு நூல் வெட்டணும். இருபத்து நாலு கோட்டு. எனக்குத் தைக்கவே நேரம் பத்தாது. ஒரு நூல் தொங்கினாலும் அந்தம்மா திருப்பி அனுப்பிடுவாங்க."

அவளுடைய கத்தரிக்கோலை அவர் இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். முனை மொண்ணை என்று தீர்ப்பளித்தார். தம் மேசைக்குச் சென்று, மின்னணுப் பாகங்களின் கம்பிக் கால்களை நறுக்கும் சிறு கட்டரைக் கொண்டுவந்தார். அவரிடம் இருந்தவற்றுள் அதற்கு மட்டும் திரை இல்லை; சார்ஜும் கேளாது. கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் அமர்ந்தார். காலரின் அடியில், கைக்குழியில், பொத்தான் துளையின் விளிம்பில் என்று, மனிதக் கண்ணுக்குத் தெரியாத நூல்களையெல்லாம் தேடித் தேடி நறுக்கினார். அலுவலகத்தில் ஒரு கோப்பையேனும் அவர் இத்துணைக் கருத்தாய்ப் பார்த்ததுண்டா என்பது ஐயமே.

நான்குக்கு ஆறு நிமிடம் இருக்கையில் விடுதியின் பின்கட்டில் மேற்பார்வையாளர் அம்மாள் ஒரு கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உட்புறத்தைத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

"பிசிறே இல்லையே! ஆள் வெச்சிருக்கீங்களா?"

"ஒருத்தர் இருக்கார்மா. வாரத்துல ரெண்டு நாள் வருவார்."

"விட்டுடாதீங்க. அடுத்த மாசம் அறுபது கோட்டு, அப்புறம் அறைகளுக்குத் திரைச்சீலை. அவரையே வெட்டச் சொல்லுங்க."

அவள் வீடு திரும்பியபோது கணவர் அந்தக் கட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவளுடைய கைப்பையில் இருந்தது. மெஷினுக்கடியில் உள்ள தன் இழுப்பறையைத் திறந்து, ஊசிப் பொட்டலத்துக்கும் பாபின்களுக்கும் நடுவே அதை வைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடினாள்.

"அது என்னோடதும்மா."

"நீங்க என்னோட ஆளு" என்றாள் அவள். "சனிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு உக்காந்துடணும். அறுபது கோட்டு வருது, அப்புறம் திரைச்சீலை."