தண்ணீரை மூடிய கோடை

மரிலேனா போன பிறகு ஒர்னெல்லாவுக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகவில்லை. குடிக்கிற தண்ணீர் அல்ல, செரியோ ஆற்றில் ஓடுகிற தண்ணீரும் அல்ல. பல்லை அறுக்கும் டிரில்லின் நுனியில் பீய்ச்சி, சுழற்சியில் சிதறி, நோயாளியின் வாயிலிருந்து புகைபோல எழுந்து வருகிறதே, அந்தத் தண்ணீர்.

பல் மருத்துவம் படித்து வந்த நாள்முதல் அதை அவள் தண்ணீர் என்று நினைத்ததுகூட இல்லை. அது கருவியின் ஒரு பகுதி. அறுக்கும்போது பல் சூடாகும், சூடானால் உள்ளே இருக்கும் உயிர் வெந்துபோகும், அதனால் தண்ணீர். அவ்வளவுதான். பெடலை மிதித்தால் தானாக வரும். வந்ததை உறிஞ்சி எடுக்க இடப்பக்கம் மரிலேனா நிற்பாள், கையில் சக்ஷன் குழாயோடு, ஊர்வம்பு பேசிக்கொண்டே.

கொள்ளைநோய் யாருக்கும் தெரியாமல் ஊருக்குள் நுழைந்திருந்த பிப்ரவரி கடைசியில் ஒரு லாரி ஓட்டுநர் கடைவாய்ப் பல் வலியோடு வந்தான். நடுநடுவே இருமினான். மாலை வெயில் சன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்திருந்தது. அதற்குள் நீர்த்துகள்கள் மிதந்துகொண்டிருந்தன. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்று மரிலேனா முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். மார்ச்சில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தது ஒரு தொலைபேசி அழைப்புதான். உள்ளூரில் இடமில்லாமல் சவப்பெட்டி எந்த ஊருக்குப் போய் எரிந்தது என்று பல நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சந்தையில் தொற்றியிருக்கலாம், பேருந்தில் தொற்றியிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தொற்றியிருக்கலாம் என்று ஊரில் சொன்னார்கள். ஒர்னெல்லா யாரோடும் வாதாடவில்லை. அவளுக்கு அந்த வெயிலும் அதில் மிதந்த துகள்களும் போதுமாயிருந்தன.

நோய் தணிந்து, மூடிக்கிடந்த கிளினிக்கைக் கோடையில் திறக்க அனுமதி வந்தபோது, காற்றில் சுழலும் பழைய டிரில்லைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரில் ஓடும் டிரில் ஒன்றை வாங்கினாள். வேகத்தைக் குறைக்கலாம், புகை குறையும் என்றார்கள். அதில் அவளுக்குப் பிடித்தது வேறு. தண்ணீருக்குத் தனியாக ஒரு குமிழ் இருந்தது. முதல் வாரம் அதைப் பாதியாகத் திருப்பினாள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். சிறு குழிகளைத் துளித்துளியாக நீர் விட்டு, தொட்டுத் தொட்டு எடுத்துச் சமாளித்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மரிலேனாவின் இடத்துக்கு ஆள் வைக்கவில்லை. வைக்க மனம் வரவில்லை என்பதைவிட, இன்னொருத்தியை அங்கே நிறுத்தத் துணிவு வரவில்லை என்பதே சரி.

ஜூலையில் நொயேமி வந்தாள். மரிலேனாவின் ஒரே மகள். பள்ளி நாளில் சைக்கிளிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பல் நான்கையும் உடைத்துக்கொண்டவள். ஒட்டுப்போட்டே காலம் தள்ளியாகிவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லி நாலுக்கும் உறை போட்டுடலாம்" என்று மரிலேனா மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மே மாதம் நடக்கவேண்டிய கல்யாணம் செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது.

"என்ன சித்தி, விண்வெளிக்குக் கிளம்பிட்டீங்களா?" என்றாள் நொயேமி, ஒர்னெல்லாவின் முகக்கவசத்தையும் அங்கியையும் பார்த்து. உறவில்லை என்றாலும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவாள்.

"வாயைத் திற. உங்கம்மா மாதிரியே உனக்கும் வாய்தான் முதல்ல வருது."

"அம்மா இருந்திருந்தா இந்நேரம் என் மாமியாரைப் பத்தி உங்ககிட்ட ஒரு பாட்டம் புலம்பியிருப்பா. இப்ப அதையும் நான்தான் செய்யணும்."

ஒர்னெல்லா ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தாள். உதடு மரத்தது. பெடலில் கால் வைத்தாள். நுனியிலிருந்து மெல்லிய தூறல் கிளம்பியது. அது நொயேமியின் கன்னத்தைத் தாண்டி மேலெழுவதைப் பார்த்ததும் கால் தானாக எடுத்துக்கொண்டது.

மற்றவர்களுக்குத் துளித்துளியாக விட்டவள், இந்தப் பெண்ணுக்குக் குமிழை முழுதாக மூடினாள். இந்த அறையின் காற்று இவள் வீட்டிலிருந்து ஒருத்தியைக் கொண்டுபோனது போதும் என்றிருந்தது. தொட்டு எடுக்கலாம், நடுவே காற்றை ஊதலாம், அவசரமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சூட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? தெரிந்த சூட்டைவிடத் தெரியாத மூச்சுக்கே அவள் அதிகம் பயந்தாள்.

முதல் பல்லில் கவனமாகத்தான் இருந்தாள். நடுப்பற்களுக்கு வரும்போது கவசத்தின் உள்ளே வியர்வை ஆவியாகப் படிந்துவிட்டது. ஈறின் ஓரம் சரியாகத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கை தயங்கி, அழுத்தியபடியே நின்றது. கை நின்றாலும் மோட்டார் நிற்கவில்லை. பழைய டிரில்லாக இருந்தால் அழுத்தினதும் திணறி நின்றிருக்கும். இது நிற்கத் தெரியாத கருவி.

நொயேமி கையைத் தூக்கினாள். ஒர்னெல்லா பதறி எடுத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல சித்தி. யார் வீட்லயோ பொலெந்தாக் கூழ் அடிப்பிடிச்சிருக்கு. வாசனை வருது."

ஒர்னெல்லா டிரில்லின் நுனியைப் பார்த்தாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் பிறகு. "திற."

தற்காலிக உறைகளை ஒட்டி அனுப்பினாள். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தொடாமல் எழுந்துவிட்டாள். மறுநாள் நொயேமியே கூப்பிட்டாள். தண்ணீர் பட்டால் உயிர் போகிறது என்றாள். கேட்டதும் ஒர்னெல்லாவுக்குக் கண் கலங்கியது, நிம்மதியில். கூசுகிற பல் உயிரோடு இருக்கிற பல். அடுத்தடுத்த நாட்களில் அவளே கூப்பிட்டு விசாரித்தாள்.

"இன்னும் கூசுதா?"

"கூசுது சித்தி. நீங்க கேக்கிறதைப் பாத்தா கூசணும்னு வேண்டிக்கிற மாதிரி இருக்கு!"

வேண்டிக்கொண்டுதான் இருந்தாள். கோயில் பக்கம் போய்ப் பல வருடமானவள், அந்தப் பெண்ணின் வலி நீடிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் விடுமுறை முடிந்து, நிரந்தர உறை மாட்ட நொயேமி வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள்:

"சித்தி, நீங்க மாயக்காரி! கூச்சம் சுத்தமாப் போயிடுச்சு. நேத்து ஐஸ்கிரீமைக் கடிச்சே தின்னேன், முன்பல்லால. அப்பா நம்பவே மாட்டேங்கறார்."

ஒர்னெல்லா நாற்காலியைச் சாய்த்தாள். தற்காலிக உறைகளைக் கழற்றும் முன் கேட்டாள்: "ஊசி போடட்டுமா?"

"வேணவே வேணாம்."

உறைகளைக் கழற்றினாள். செதுக்கிய பற்கள் மேலோடு இல்லாமல் நின்றன. அவற்றின் மேல் காற்றை ஊதினாள். எந்த மனிதரும் துள்ளி எழுந்துவிடும் காற்று அது. ஓரப் பற்களில் பட்டபோது நொயேமியின் தோள் சிலிர்த்தது. நடுப்பற்களில் பட்டபோது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒர்னெல்லா பஞ்சைக் குளிர்மருந்தில் நனைத்து இடது நடுப்பல்லில் வைத்தாள்.

"சில்லுன்னு இருக்கா?"

"இல்லையே."

வலது நடுப்பல்.

"இப்ப?"

"இல்ல. எதாவது வெச்சீங்களா?"

மறுபடி வைத்தாள். கண்ணாடியை உள்பக்கம் பிடித்தபோது, நடுப்பல் இரண்டிலும் சாம்பல் நிறம் இறங்கியிருந்தது. கருவிகளைத் தட்டில் வைத்தாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். சன்னலுக்கு வெளியே யாரோ மாடியில் துணி உதறிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சித்தி? உறை பொருந்தலையா?"

"நொயேமி, நடுப்பல் ரெண்டும் செத்துப்போச்சு. அதான் கூச்சம் இல்ல."

"செத்துப்போச்சுன்னா?"

"அறுக்கும்போது தண்ணி விடணும். நான் மூடிட்டேன். வெந்துபோச்சு. அன்னைக்கு வாசனை வருதுன்னு நீ சொன்னே பாரு, அது உன் பல்லு."

நொயேமி எழுந்து உட்கார்ந்தாள். நாக்கால் பற்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"எதுக்கு மூடினீங்க?"

"அந்தப் புகைதான் உங்கம்மாவைக் கொண்டுபோச்சு. இந்த ரூம்ல. என் கண்ணு முன்னாடி. உனக்கும் அப்படி ஆகிடக்கூடாதுன்னு..."

நொயேமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று ஒர்னெல்லா காத்திருந்தாள். வந்தது கோபம் அல்ல.

"சித்தி, அம்மாவுக்கு இங்க ஒட்டல. அப்பாதான் முதல்ல காய்ச்சல்ல படுத்தார். அம்மாவுக்கு முன்னாடியே. சீட்டாட்டக் கிளப்லேர்ந்து கொண்டுவந்தார். அவரோட ஆடினவங்க மூணு பேரும் போயிட்டாங்க. இவர் எழுந்துட்டார். அம்மா இவரைப் பாத்துக்கிட்டுக் கூடவே இருந்தா."

"யாரும் என்கிட்ட சொல்லலையே."

"வீட்லயே நாங்க அதைப் பேசறதில்ல. பேசினா அப்பா தாங்கமாட்டார். நீங்க இப்படி ஒண்ண மனசுல வெச்சிருப்பீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

ஒர்னெல்லா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இல்லாத ஒன்றுக்குப் பயந்துதான் தண்ணீரை மூடினாள் என்பது அவளுக்குள் மெதுவாக இறங்கியது. மரிலேனாவுக்கு இந்த அறையில் தொற்றிய குற்றமாவது அவளுடையதாக இருந்திருந்தால் அந்தப் பல் வெந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றாள் நொயேமி.

"உள்ள சுத்தம் பண்ணி அடைக்கணும். பல் நிக்கும். ஆனா உயிர் வராது. நாளாக ஆக உடையலாம். தண்ணி விட்டே செய்யறேன், இன்னைக்கே..."

"வேணாம்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு பல் நினைவு வந்து, கழற்றிய தற்காலிக உறைகளைத் திருப்பி ஒட்டிவிடச் சொன்னாள். ஒர்னெல்லா ஒட்டினாள். அதற்கு டிரில் தேவைப்படவில்லை. இவ்வளவு அருகில் இருந்தும் நொயேமி கண்ணை மூடியே வைத்திருந்தாள்.

"வேற யார்கிட்ட போகலாம்னு சொல்லுங்க."

அடுத்த ஊரில் கலிம்பெர்தி இருந்தான், கூடப் படித்தவன். ஒர்னெல்லா அவனை அழைத்தாள். நொயேமி கதவருகே நின்றாள்.

"என்ன ஒர்னெல்லா, உயிரோட இருக்கியா?" என்று அவன் சிரித்தான்.

"ஒரு பொண்ணை அனுப்பறேன். மேல்வரிசை நடுப்பல் ரெண்டும் செத்திருக்கு. சீக்கிரம் பாரு. அடுத்த மாசம் கல்யாணம்."

"செவ்வாய்க்கிழமை வரச் சொல்லு. எப்படிச் செத்துச்சு? அடிபட்டுச்சா?"

"இல்ல. தண்ணி இல்லாம அறுத்திருக்கு."

"அடப்பாவி! எந்த மடையன்கிட்ட போனா?"

ஒர்னெல்லா நொயேமியைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரியாகத்தான் இருந்தது அந்த வார்.

"என்கிட்ட" என்றாள் ஒர்னெல்லா.

மறுமுனையில் சிரிப்பு அடங்கியது. அவன் மறுபடி பேச ஆரம்பிப்பதற்குள் கதவு திறந்து மூடிக்கொண்டது.