ஜெபரத்தினம் வீட்டைச் சுற்றி வைத்த செடிகள்

பிரதிஷ்டை ஜெபம் நடந்து நாற்பத்தொன்றாம் நாள் காலை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜெபரத்தினம் திருத்தணியில் கட்டிய புது வீடு அஸ்திவாரத்தை விட்டு ஒரு சாண் மேலே எழுந்து நின்றது. சுவரில் விரிசல் இல்லை. அடுப்பிலிருந்த பால்கூடச் சிந்தவில்லை. தண்ணீர்க் குழாய் மட்டும் பிடுங்கிக்கொண்டது. பிளம்பர் வந்து வளைகிற குழாயாகப் போட்டுவிட்டு, இன்னும் எழுந்தால் சொல்லி அனுப்புங்கள், நீட்டித் தருகிறேன் என்று சொல்லிப் போனார். ஜெபரத்தினத்தின் கவலை வேறு. தெருவில் போகிறவர்கள் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து மதில் தெரிந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதித்தவரின் வீட்டுக்கு அடியில் தெருநாய் ஒன்று குட்டி போட இடம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே, சுற்றிலும் செடி வைத்து மறைப்பது என்று முடிவாயிற்று.

என்ன செடி என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மகள் பெர்சிஸிடம் வந்தது. அவள் தாவரவியல் பட்டதாரி. மூன்று வருடம் மின்சார ரயிலில் போய்வந்து படித்த படிப்புக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் மரியாதை அதுதான். அதிகம் பேசாத பெண். பாடகர் குழுவில் அவள் பாடுகிறாள் என்பதை உதடு அசைவதை வைத்துத்தான் சபையார் தெரிந்துகொண்டார்கள். வெயில் எந்தப் பக்கம், மண்ணில் சரளை எவ்வளவு என்று பார்த்தாள். வேர் பெருத்து அஸ்திவாரத்தைப் பிளக்கும் மரங்களை ஒதுக்கினாள். அஸ்திவாரம் ஏற்கெனவே வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டிருந்தது. ஆனாலும் பாடத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு திருப்பதி சாலையில் நர்சரி வைத்திருக்கும் கஜபதியிடம் போனாள்.

“எத்தினி அடி மறைக்கணும் பாப்பா?”

“ஒரு அடிங்க.”

“இப்போதைக்கா, இன்னும் மேல போவுமா?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“சரி, இட்லிப்பூ எடுத்துகினு போ. வெட்டி வுட்டா சொன்ன பேச்சு கேக்கும். வீடு கேக்குமான்னு எனக்குத் தெரியாது.”

இட்லிப்பூ நன்றாகவே வந்தது. பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் பார்த்துப் பாராட்டினாள். வாசற்படியில் நின்ற ஜெபரத்தினம், “என் மண்ணு அப்படிங்க, என் மண்ணுல எதை வெச்சாலும் வரும்” என்றார். மறுநாள் காலையில் வீடு இன்னொரு சாண் ஏறியிருந்தது. இட்லிப்பூவுக்கு மேலே இடைவெளி தெரிந்தது. குரோட்டன்ஸ் வைத்தார்கள். சபைப் பெண்கள் வந்து நிறத்தை மெச்சினார்கள், அவர் மண்ணை மெச்சினார், வீடு குரோட்டன்ஸைத் தாண்டியது. செம்பருத்தி வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திரப் பக்கத்திலிருந்து காவடியோடு நடந்து வந்தவர்கள் நிழலுக்கு ஒதுங்கி, அந்தரத்தில் நிற்கும் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று தெலுங்கில் கேட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் செடியைப் பற்றித்தான் யோசனை இருந்தது. அரளி வேண்டாம், மாடு தின்றால் செத்துவிடும் என்றாள் அம்மா. அந்தத் தெருவுக்கு மாடு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் கிங்ஸ்லி, முருங்கை வைக்கும்படி போனில் சொன்னான். அவனுக்கு சாம்பார் பிடிக்கும். முள் இருக்கிற செடி வீட்டுக்கு ஆகாது என்றாள் வள்ளியம்மாள். நாங்கள் வாஸ்து பார்ப்பதில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஜெபரத்தினம் அன்று சாயங்காலமே எலுமிச்சங்கன்றைப் பிடுங்கிப் போட்டார்.

அறிவியல் படித்தவள் என்பதால் பெர்சிஸ் ஒரு வருடம் கவனித்த பிறகுதான் முடிவுக்கு வந்தாள். வீடு எழுவதற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. வெயிலுக்கும் இல்லை. செடிகள் பாவம், அவற்றுக்கும் இல்லை. அப்பா ‘என் மண்ணு’ என்று சொன்ன மறுநாள்தான் வீடு ஏறுகிறது. அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். எரு விற்கிற கஜபதிக்குக்கூடத் தெரியும். தெரிந்ததைச் சொல்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவள் அதைவிட உயரமான செடியைத் தேடப் போனாள்.

மூன்றாம் வருடம் வீடு ஏழடி உயரத்தில் நின்றது. ஏறி இறங்க இரும்புப் படி வைத்தார்கள். சுற்றிலும் நந்தியாவட்டையும் பவளமல்லியும் இடைவெளி இல்லாமல் அடர்ந்திருந்தன. இனி யார் குனிந்தாலும் ஒன்றும் தெரியாது என்று ஜெபரத்தினத்துக்குத் திருப்தி.

அந்த வருடம்தான் அவருடைய தங்கை தேவசுந்தரிக்கு இருக்க இடமில்லாமல் போயிற்று. புருஷன் இறந்தபின் அவள் அம்மையார்குப்பத்தில், ஒரு விசைத்தறிக் கொட்டகையின் பின்னறையில், நூல் சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகைக்காரர் இன்னும் நாலு தறி போடுவதற்கு அந்த அறையைக் கேட்டார். ஒரு இடம் பார்த்துக் கொடு என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவரும் கைவிட்டுவிடவில்லை, அதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் டிரங்குப் பெட்டியோடும் கேஸ் அடுப்போடும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“மேல எடம் இல்லியே தேவி. கிங்ஸ்லி வந்தா எங்க படுப்பான்?” கிங்ஸ்லி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

“மேல வாணாண்ணா, எனக்கு முட்டி வலி. கீழயே இருந்துக்கறேன்.”

பவளமல்லிக் கிளையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். முழங்கால் உயரத்துக்கு நின்ற அஸ்திவாரச் சுவர்கள் கூடம் எது, அறை எது என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தன. சமையற்கட்டு இருக்கவேண்டிய மூலையில் அடுப்பை வைத்தாள். அண்ணன் வீட்டுத் தரை அவளுக்குக் கூரை. மறைப்புக்கு வைத்த செடிகள் சுவர். விடியற்காலையில் பவளமல்லி உதிர்ந்து பாயெல்லாம் பூவாகக் கிடந்தது. தபால்காரர் வழியில் இருக்கிறதென்று எல்லாத் தபாலையும் கீழேயே கொடுத்துவிட்டுப் போனார். மீன் குழம்பு வாசனை மேலே ஏறியது. பெர்சிஸ் சாப்பிடக் கீழே இறங்கினாள். அத்தை ஒருநாளும் மண்ணைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. “நல்ல செடியா பாத்து வெச்சிருக்க பாப்பா, சாரல்கூட உள்ள வரல” என்று மட்டும் சொன்னாள்.

கீழே யார் என்று கேட்டவர்களிடம், வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்றார் ஜெபரத்தினம். கார்த்திகை மாதத்து வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு சபையார் வந்து படியடியில் நின்றபோது போதகரும் அதையே விசாரித்தார். தலைமையாசிரியர் படியின் உச்சியில் நின்று, பள்ளி மைதானத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார். “மாசக் கடைசியில காலி பண்றாங்க ஐயா. டியூஷன் சென்டருக்குக் கேக்கறாங்க. என் மண்ணு, சும்மா எதுக்குக் கிடக்கணும்?”

இந்த முறை வீடு காலைவரை பொறுக்கவில்லை. ஒரு காலைப் படியில் வைத்திருந்த போதகர், படி உயர்வதை உணர்ந்து காலை மெதுவாக எடுத்துக்கொண்டார். வளைகிற குழாய் விறைத்து நின்றது. கீழே எல்லோருக்கும் டீ ஆற்றிக்கொண்டிருந்த தேவசுந்தரியின் கை நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. டிரங்குப் பெட்டி இருந்த பக்கம் பார்த்தாள்.

டீ தம்ளர்களோடு வெளியே வந்த பெர்சிஸ் தட்டை அஸ்திவாரச் சுவரின் மேல் வைத்தாள்.

“அத்தைய காலி பண்ண முடியாதுப்பா.”

இது யார் குரல் என்று பாடகர் குழுவினரே திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏன்?” என்றார் ஜெபரத்தினம்.

“இந்த மனை தேவிக்குன்னு தாத்தா சாவறப்ப சொன்னாரு. கட்டில்கிட்ட நீங்க இருந்தீங்க, அம்மா இருந்தாங்க, நானும் இருந்தேன். இது உங்க மண்ணு இல்லப்பா. அத்தை மண்ணு.”