பச்சையம்மாளின் எடை

"தமு காட்டுலேர்ந்து இம்பால் வரைக்கும் நான் தூக்கிகினு வந்தேன், இந்தத் தோள்ல—"

"எதைத் தூக்கிகினு வந்தே? பொட்டியத் தூக்கிகினு வந்தே."

"அம்மாவ! அம்மாவத் தூக்கிகினு—"

"அது இன்னும் என் முதுகுலதான் கீது, அண்ணா. நீ எந்த அம்மாவச் சொல்றே?"

பச்சையம்மாள் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. பார்வைக்கு நாற்பது கிலோவைத் தாண்டாத அந்த மனுஷியின் எடை எழுபத்து நான்கு கிலோ. ரங்கூனில் குண்டு விழுந்து, அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய அப்பாவும் செத்துப்போன பிறகு, நாற்பத்திரண்டாம் வருஷம் அவளும் அண்ணன் ராஜவேலுவும் தாய் செல்லம்மாளும் ஜனங்களோடு ஜனங்களாக எல்லையோரத் தமு காட்டு வழியே இம்பாலுக்கு நடந்தார்கள். பச்சையம்மாளுக்கு அப்போது வயது பத்தொன்பது. கால் வீங்கி நடக்க முடியாத தாயைப் புடவையால் முதுகில் கட்டிக்கொண்டு நடந்து, ரயிலேறி, ஆரணி ரோடு ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். கிழவியை இறக்கிவிட நாலு பேர் கை கொடுத்தார்கள். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லை. கனம் மட்டும் இருந்தது. அது அதற்குப் பிறகும் இறங்கவில்லை.

ஆரணிக்குப் பக்கத்தில், சொந்த ஊரான சேவூரின் நெசவாளர் தெருவில் இதை யாரும் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் உட்கார்ந்த முதல் தறிப்பலகை உடைந்தது, தேக்கில் வேறு போட்டுக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த படவேட்டு மாப்பிள்ளை வீட்டார் அவளை வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது பாதி வழியில் அச்சு முறிந்தது. மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்கள் பிறகு வரவே இல்லை. தெருவுக்கு அவளால் லாபம்தான். காலையில் புடவையின் நீளத்துக்கான பட்டு இழைகளைத் தெருவில் நீட்டிப் பாவு போடும்போது, கடைக்கோடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தால் போதும், கல்லும் வேண்டாம் முளையும் வேண்டாம், பாவு ஒரு விரல்கூடத் தொய்யாது. இந்தப் பக்கம் இருந்து ஒருவன், "அத்த, கொஞ்சம் பின்னால சாயேன்," என்பான். "ரெண்டு பேரும் சாயறோம், இர்றா," என்பாள்.

ராஜவேலு கதை சொல்லுகிறவர். பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து பர்மா யுத்தத்தைச் சொல்லுவார். அறுபதுகளில் அந்தக் கதையில் ஒரு யானை சேர்ந்தது. எழுபத்தொன்றில் ஒரு புலி. எழுபத்தாறுக்குள் ஜப்பான்காரன் ஒருவனோடு அவர் கையால் பேசிச் சமாதானம் செய்துவிட்டிருந்தார். எந்த வருஷத்திலும் மாறாதது ஒன்றுதான்: தாயைத் தோளில் சுமந்தது அவர். பச்சையம்மாள் அந்த நேரமெல்லாம் உள்ளே தறியில் இருப்பாள். செல்லம்மாள் அவளிடம் பேசுவது உண்டு, பிடரிக்குப் பக்கத்தில், ரகசியம் பேசுகிற மாதிரி. "உடுடி, ஆம்பளப் புள்ள, நாலு பேருக்கு முன்னாடி பேசிட்டுப் போவட்டும்," என்று சொல்லுமாம். அதனால் அவளும் விட்டுவைத்தாள், நாற்பத்தோரு வருஷம்.

எண்பத்து மூன்றில் ராஜவேலுவுக்கு எழுபது பிறந்தது. மகன் தருமன், அப்பா பெயரில் சேவூர் ரோட்டில் ஒரு சுமைதாங்கி நிறுத்த ஏற்பாடு செய்தான். விறகுக் கட்டோ புல்லுக் கட்டோ தூக்கி வருகிறவர்கள் யார் கையும் கேட்காமல் சுமையை இறக்கி மூச்சுவிடுவதற்கான கல். இரண்டு கால், மேலே குறுக்கே ஒன்று. குறுக்குக் கல்லில் வெட்டவேண்டிய வாசகத்தைப் பள்ளிக்கூடத்து டீச்சரான மகள் கண்ணகி கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தாள்: "பர்மா யுத்தத்தில் தாயைச் சுமந்து வந்த ராஜவேலு." தறிச் சத்தம் நின்றது. பச்சையம்மாள் எழுந்து வந்தாள். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

"இத்தினி வருஷம் எதுக்குடி வாய மூடிகினு இருந்தே?" என்றார் ராஜவேலு.

"நீ பேசுனதுக்கு நான் எதுக்குப் பேஜாராவணும்? யானை வந்துச்சு, புலி வந்துச்சு, சிரிச்சிகினேன். இப்ப கல்லுல வெட்டறே. நாளைக்குப் பொறக்கறதுங்க எழுத்துக் கூட்டி அதையேதான படிக்கும்? கல்லுன்னு காதுல உழுந்ததுலேர்ந்து அம்மாவும் வாயத் தொறக்கல."

"இதுக்கு இன்னா சாட்சி? காட்டுல உனக்கும் எனக்கும் யாரு கீறாங்க சாட்சி?"

"எடை கீதே."

ஆரணியில் எந்த வழக்கும் கடைசியில் தராசுக்குத்தான் வரும். முதலாளி கொடுத்த பட்டுக்கும் நெய்து வந்த புடவைக்கும் எடை சரியாக இருந்தால் நெசவாளி யோக்கியன், குறைந்தால் அவன் வாயால் எவ்வளவு பேசியும் பிரயோஜனமில்லை. ராஜவேலுவும் அந்த ஊர்க்காரர்தான், மறுக்க முடியவில்லை. ஆனால் நெசவாளிக்கே உரிய சந்தேகம் ஒன்றைக் கிளப்பினார். பட்டில் ஈரம் ஏறினால் எடை கூடும், எனவே தங்கையை முதலில் காயவைக்க வேண்டும். சித்திரை வெயிலில் துரைக்கண்ணுவின் நெல் ஆலைக் களத்தில் பச்சையம்மாளை மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். அவள் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு, "இந்தக் கடலையையும் கழிச்சிக்கோ, அண்ணா. அப்பால அதுக்கு ஒரு கல்லு நடாதே," என்றாள். ஆலை வாசலில் தெருவே நின்றது.

துரைக்கண்ணு மூட்டையைக் கண்ணால் பார்த்தே கிலோ சொல்லுகிறவர், அரை கிலோ முன்னே பின்னே போனதில்லை. பச்சையம்மாளைப் பார்த்து, "நாப்பது," என்றார். தராசு எழுபத்து நான்கு காட்டியது. முப்பத்து நான்கு உபரி. பட்டினியில் நடந்த ஒரு கிழவிக்கு அது பொருத்தமான எடைதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இறங்கி நடந்தவளைக் கண்ணகி நிறுத்திவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"நைனா, நீங்களும் ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"நீங்களும்தான தூக்கினதாச் சொல்றீங்க?"

ராஜவேலு சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். துரைக்கண்ணு அவரைச் சுற்றிவந்து பார்த்தார். "அறுபது," என்றார். தராசு எழுபத்து நான்கு காட்டியது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று ராஜவேலு தராசின் மேலேயே நின்று கையைத் தூக்கினார். "சரிக்குச் சரி! எனக்கும் எழுபத்தி நாலு!"

"உங்களுது அதுல அறுபது கீது," என்றார் துரைக்கண்ணு. "மேல பதினாலுதான்."

"பதினாலு கிலோவுல எந்த அம்மா இருப்பாங்க, நைனா?" என்றாள் கண்ணகி.

அதற்குப் பதில் தெரிந்தவன் தருமன். ரங்கூனிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி துருப்பிடித்து அடி விட்டுப்போனபோது, அறுபத்தொன்றில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்குப் போட்டவன் அவன்தான். எடை பார்த்தபோது பக்கத்தில் நின்றிருந்தான். பதினாலு கிலோ. "பொட்டி," என்றான், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல். வீட்டில் இல்லாத பெட்டி இருபத்திரண்டு வருஷமாக ராஜவேலுவின் வலது தோளில் இருந்திருக்கிறது. அந்தத் தோள் ஏன் தாழ்ந்திருக்கிறது என்று தையல்காரர் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டதற்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

வாசகத்தைக் கண்ணகி மாற்றி எழுதினாள். இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடலாம், குடும்பம் அல்லவா என்று தருமன் கேட்டுப்பார்த்தான். "போடு. பொட்டியச் சுமந்த ராஜவேலுன்னு போடு, நான் வேணான்னா சொல்றேன்?" என்றாள் பச்சையம்மாள். ஆகவே ஒரு பெயர்தான் வெட்டப்பட்டது. சேவூர் ரோட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்: பர்மா யுத்தத்தில் தாயைச் சுமந்து வந்த பச்சையம்மாள்.

கல் நிறுத்திய காலையில் கற்பூரம் கொளுத்திய பிறகு, முதல் சுமையை யார் இறக்குவது என்ற பேச்சு வந்தது. அதிலென்ன சந்தேகம் என்று எல்லோரும் பச்சையம்மாளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லுக்கு முதுகைக் காட்டி, பாவுக் கயிற்றோடு சாய்வதைப் போலப் பின்னால் சாய்ந்தாள். கல்லின் கால்கள் மண்ணுக்குள் ஒரு விரற்கடை இறங்கின. டவுன் பஸ் நின்றது, டிரைவர் எஞ்சினை அணைத்தார். அண்ணன் எதிரில் நின்றிருந்தார், வலது தோள் தாழ்ந்து, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

கொஞ்ச நேரம் அவள் பின்பக்கமாகக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அதே கனத்தோடு நிமிர்ந்து நடந்து அவர் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் கோபமும் இல்லை, விட்டுக்கொடுப்பதும் இல்லை.

"அம்மாவுக்குக் கல்லு வேணாமாம், அண்ணா. தமுவுல, நீ பொட்டியத் தூக்கறதுக்கு முன்னாடி கேட்டுச்சே, அதையேதான் இப்பவும் கேக்குது: 'ராஜவேலு, கொஞ்சம் குனியறியா?'"