காந்த ரப்பர் போட்ட கதவு

பிரிட்ஜ் மெக்கானிக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். மாமியார் போன பிறகு தனியாகக் கிடந்த மாமனாருக்குப் போன் போட்டவன், "கிளம்பி வாங்க மாமா" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினானா? "குளிர் முடியற வரைக்கும் இங்கயே இருங்க. நம்ம வீடு பூரா ஹீட்டர். பனியனோட திரியலாம்" என்று அளந்துவிட்டான். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வீடு பூராவுமாவது, ஹீட்டராவது! இருந்ததே ஒன்றுதான், அதுவும் படுக்கையறையில். குளிர்காலம் வந்தால் புருஷன், பெண்டாட்டி, பாப்பா மூன்று பேரும் அந்த ஒரே அறைக்குள் ஒண்டிக்கொள்வார்கள். சாப்பாடு, வீட்டுப்பாடம், சண்டை எல்லாம் அங்கேதான். புது பிரிட்ஜைச் சுற்றி வரும் குமிழ் பிளாஸ்டிக்கை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தான். கட்டிலை வெளிச்சுவரை விட்டுத் தள்ளிப் போட்டிருந்தான். கதவின் அடியில் பழைய போர்வையைச் சுருட்டி அணைகொடுத்துவிட்டு, ராத்திரி கொஞ்ச நேரம் ஹீட்டரை ஓடவிட்டு அணைத்தால் விடியும்வரை சூடு நிற்கும். கரண்ட் பில்லும் கையைக் கடிக்காது. கெட்டிக்காரத்தனம்தான், யார் இல்லையென்றார்கள்? அதை மாமனாரிடம் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.

"பொண்ணு எப்படி இருக்கான்னு பாக்கத்தானே வர்றாரு? நாலு பேரும் ஒரு ரூம்ல அடைஞ்சு கிடந்தா என்ன நினைப்பாரு? என் மானம் கப்பலேறிடும்" என்றான்.

"எங்கப்பா என்ன அரண்மனையிலயா பொறந்தாரு? சொன்னா புரிஞ்சுக்குவாருங்க."

"சொல்ல மாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அவள் வேறென்ன செய்வாள்?

மாமனார் வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷன். குரல் மட்டும் இன்னும் கணீரென்றிருந்தது, தோளும் மணிக்கட்டும் எப்போதோ விட்டுப்போயிருந்தன. சூடான அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு மூவரும் ஹாலில் படுத்தார்கள். ஹாலில் வாயைத் திறந்தால் புகை வந்தது.

"என்ன மாப்ள, இங்க இப்படி விறைக்குது?"

"ஹால் ஹீட்டர் ரிப்பேர் மாமா. பார்ட்ஸ் வரணும்."

"அப்ப எல்லாரும் உள்ளயே படுங்களேன். எடம்தான் கிடக்கே."

"வேணாம் மாமா, நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

அட மனுஷா, அந்த இடத்தில் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் குடியா முழுகிப்போயிருக்கும்?

மாமனாருக்குக் கதவைத் திறந்துவைத்தே பழக்கம். பேத்தி ஹாலில் பாடம் படிக்கும் சத்தம் காதில் விழவேண்டும் அவருக்கு. அவர் திறப்பார், சூடெல்லாம் போகிறதே என்று வயிறெரிந்து இவன் போய்ச் சாத்துவான். "கதவு மேல என்ன கோபம் மாப்ள?" என்று முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. ஒரு தடவை பேத்தியிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார், இவன் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டான்.

அடுத்த நாள் அவர் வெளியே நடக்கப் போயிருந்த நேரம் பார்த்து, மெக்கானிக் தன் மூளையைக் காட்டினான். கடையில் கழித்துப்போட்ட பிரிட்ஜிலிருந்து காந்த ரப்பரை உருவிவந்து நிலையைச் சுற்றி அடித்தான். கதவின் விளிம்பில் தகரப் பட்டை வைத்தான். சாத்தினால் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து தோளால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். உள்ளிருந்து இழுக்கத்தான் நல்ல வலு வேண்டும். அது அவன் புத்தியில் ஏறவேயில்லை. சூடு ஒரு பொட்டுக்கூட வெளியே போகவில்லை என்று பூரித்துப்போனான்.

விடிகாலையில் மனைவிதான் முதலில் எழுந்தாள். மூவரும் காதுவரை கம்பளியை இழுத்துக்கொண்டு கிடந்ததால், கழிப்பறைக்குப் போக அவர் உள்ளிருந்து கதவைத் தட்டிய சத்தம் எவ்வளவு நேரமாகக் கேட்டதோ தெரியவில்லை. "அப்பா!" என்று ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். பின்னாலேயே அவனும் போனான்.

மாமனார் வேட்டி நனைந்து நின்றிருந்தார். காலடியில் ஈரத்தைப் படுக்கை விரிப்பால் துடைக்கப் பார்த்திருக்கிறார். மகளைப் பார்த்ததும் விரிப்பை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டார்.

"வெளியில தாழ்ப்பாள் போட்டீங்களா மாப்ள?" குரலில் அந்தக் கணீர் இல்லை.

"ஐயோ, இல்ல மாமா! மரம்... மரம் உப்பிப்போச்சு. அதான் பிடிச்சுக்கிச்சு."

மாமனார் கதவைப் பார்த்தார். மகள் தள்ளிய வேகத்தில் அது சுவரில் முட்டித் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. "சரி" என்றார்.

மனைவி புருஷனைப் பார்த்தாள். 'இப்பவாவது சொல்லுங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ரப்பர் என்று சொன்னால் எதற்கு ரப்பர் என்பார். எதற்கு என்று சொன்னால் போனில் விட்ட ஜம்பம் அத்தனையும் சந்தி சிரிக்கும். அவன் குனிந்து விரிப்பை வாங்கப் போனான். அவர் கொடுக்கவில்லை. தானே அலசிப் போட்டார், தானே பையைக் கட்டினார்.

மகள் அழுது பார்த்தாள். "வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தது மனசுக்குச் சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அவருக்கு ஒரு வாய் வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பஸ் நிற்கும் இடத்தில் பையைக் கைமாற்றிக்கொண்டு அவர் கேட்டார். "நேராக் கேக்கறேன் மாப்ள, நேராச் சொல்லுங்க. நான் இருக்கறது உங்களுக்குப் பாரமா இருந்துச்சா?"

'ஒரு ரூமுக்குத்தான் மாமா சூடு வச்சிருக்கோம். அதை உங்களுக்குக் கொடுத்தோம்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தொண்டைவரை வந்துவிட்டது.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மெக்கானிக்குக்குத் தான் செய்தது என்னவென்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பஸ் போய்விட்டது.

"சொன்னீங்களா?" என்று வாசலிலேயே கேட்டாள் மனைவி. அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றான். அவள் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் படுக்கைகள் பழையபடி அறைக்குள் வந்தன. பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. குல்லாவை ஒரு மூலையில் வீசினாள், காலுறையை இன்னொரு மூலையில் வீசினாள், அப்பாவின் மடியில் வந்து விழுந்தாள்.

"ஐ, சூடு! அப்பா, தாத்தா இனிமே வரமாட்டாருல்ல?"

அவன் கம்பளியை இழுத்து அவளைப் போர்த்தினான்.

"வரமாட்டாரு. நீ தூங்கு" என்றாள் மனைவி.