குட்டி நாட்டுக்கு எதுக்குப் பட்டாளம்

ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் வைரக்கண்ணுவின் கட்சி எல்லாருக்கும் தெரியும்: குட்டி நாடுகளுக்குப் பட்டாளம் வைத்திருப்பது தண்டம். தொண்ணூறில் அவர் குவைத்தில் கொத்தனார். ஒருநாள் விடிந்து எழுந்தபோது அடுத்த நாட்டு டாங்கிகள் தெருவில் நின்றதைக் கண்ணால் பார்த்தவர்.

"அவங்களுக்கும் பட்டாளம் இருந்துச்சு. என்னத்தக் கிழிச்சுது?" என்பார்.

அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜாஃபர் சாதிக் மட்டும் விடமாட்டார். "வாசல்ல ஒருத்தனும் இல்லைன்னு தெரிஞ்சா எவன் வேணா நுழைவான்யா." முப்பத்தைந்து வருடமாக இந்த வழக்கு தீரவில்லை.

அன்று மத்தியானம் வயலில் நாற்றுப் பறி. வைரக்கண்ணுவின் ஒரே மகள் குந்தவை போனில் கூப்பிட்டாள். வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டில் நர்ஸ். பெரிய நாடுகள் இரண்டு மோதிக்கொள்ள, நடுவில் கிடந்த அந்த நாட்டின் மேல் மூன்று நாளாக ஏவுகணை பறந்தது.

"அப்பா, சைரன் அடிக்குது. நோயாளிகளக் கீழ்த்தளத்துக்கு எறக்கிட்டிருக்கோம்."

"நீ மொதல்ல எறங்கும்மா."

அவளுக்குப் பின்னால் பெரிதாக ஏதோ வெடித்தது. லைன் அறுந்தது.

சேற்றுக் கையோடு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். மணியே போகவில்லை. சேதி கேட்டு ஓடிவந்த ஜாஃபர் வரப்பில் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய வழக்கை அவர் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டாயிற்று. நாற்றுப் பறித்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றார்கள். யாரோ நீட்டிய தண்ணீரை வாங்க வைரக்கண்ணுவுக்குத் தோன்றவில்லை.

நாலு மணிக்குக் குந்தவை பேசினாள். ஆஸ்பத்திரிப் பக்கம் வந்த ஏவுகணையை அந்த நாட்டுப் பட்டாளம் வானத்திலேயே சுட்டு உடைத்துவிட்டது. துண்டுகள் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தன. அடுத்து வந்தது சுட்டவர்கள் மேலேயே விழுந்தது. அவர்களில் ஒருவன் இப்போது அவள் வார்டில்.

"கெளம்பி வந்துடும்மா."

"இவங்கள விட்டுட்டு எப்படிப்பா?"

வைரக்கண்ணு போனை வைத்தார். "அன்னிக்குக் குவைத்துல நமக்காக யாரும் வானத்தப் பாத்துச் சுடல ஜாஃபரு. என் கட்சி தோத்துப்போச்சுன்னு வெச்சுக்க."

"கட்சி கெடக்குது. அந்தப் பட்டாளத்துப் புள்ள பொழைக்கட்டும்யா."

பிழைக்கவில்லை. மறுநாள் குந்தவை போனில் சொன்னாள்.

"இருபத்திரண்டு வயசுதான்பா. அந்தப் பையனோட அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டே நிக்கிறாங்க. என்ன சொல்றதுன்னே தெரியல."



"எங்கப்பா உங்களக் கும்பிடுறாருன்னு சொல்லும்மா" என்றார் வைரக்கண்ணு.