இளவரசனுக்கு முகம் வைத்தவன்

ஒரு இளவரசனை நான்தான் கொன்றேன். கத்தியும் எடுக்கவில்லை, விஷமும் வைக்கவில்லை. மூக்கு வரைந்தேன், ஆள் போய்விட்டார்.

நான் புத்தக அட்டைக்குப் படம் போடுகிறவன். ‘நீலக்கதவு’ என்று ஒரு தொடர் நாவல் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிற வகை. யாரோடும் பேசாமல், எந்நேரமும் ஏதாவது ஒரு புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருக்கும் ஒரு பெண். அவள் போகிற நூலகத்தில் கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு நீலக்கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு இளவரசன். அவனுக்கு ஒரு சாபம், அவன் முகம் யார் கண்ணுக்கும் தெரியாது. இவள் பேசுவாள், அவன் கேட்பான். இரண்டு பாகம் முழுக்க இதேதான். எனக்கு ரொம்ப வசதி. முதல் பாகத்துக்கு இளவரசனின் முதுகை வரைந்தேன். இரண்டாவதுக்குத் தலையை மூடிய அங்கியும் அதற்குள் இருட்டும். இருட்டு வரைவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மூன்றாம் பாகத்தில் சாபம் தீர்ந்து தொலைத்தது.

“இந்தத் தடவை முகம் வேணும் சார்” என்றார் பதிப்பக மேடம்.

“எப்படி இருப்பாராம்?”

“மழைக்கு முந்தின வெளிச்சம் மாதிரின்னு ரைட்டர் எழுதியிருக்காங்க.”

“சரி மேடம். மூக்கு?”

“அதெல்லாம் நீங்க பாத்துக்கோங்க.”

பார்த்துக்கொண்டேன். புத்தகங்கள் பெட்டியில் வந்த அன்று முதல் பிரதியை எடுத்துப் புழுவிடம் நீட்டினேன். புழு என் அக்கா மகள். பதினாறு வயது. புத்தகப் புழு என்று ஆரம்பித்து, ‘புத்தகம்’ காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. பல் தேய்க்கும்போதும் படிக்கிறவள், அதனால் எங்கள் வீட்டில் பாதிப் புத்தகங்களில் பற்பசைக் கறை இருக்கும். நீலக்கதவின் முதல் இரண்டு பாகமும் அவளுக்கு மனப்பாடம். அவளுக்குத் தோழி என்று யாரும் கிடையாது. அந்த நாவலில் வரும் பெண்ணைத் தோழி என்று சொல்லலாமென்றால் ஒருத்தி உண்டு.

அட்டையை வெகுநேரம் பார்த்தாள். நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

“மாமா, இது போன் டாக்டர்.”

“எந்த டாக்டர்?”

“தெருமுனைல போன் ரிப்பேர் கடை வச்சிருக்காரே, அவரு. நீங்க அவருக்குக் கிரீடம் மாட்டி விட்டிருக்கீங்க.”

“சேச்சே. அழகான ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரே சாயல்தான் இருக்கும். என்னையே பாரேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்த உதாரணத்தை நான் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

“பூதக்கண்ணாடி வழியாப் பாக்கறப்போ இடது புருவத்தை இப்படித் தூக்குவார். அதைக்கூட விடாம வரைஞ்சிருக்கீங்க.” புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். “முகம் இல்லாதப்பவே நல்லா இருந்தார் மாமா. அப்போ அந்தப் பக்கம் யாரு வேணும்னாலும் இருந்திருக்கலாம்.”

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை அவள் தொடவில்லை. எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. குளியலறையிலிருந்து வெறுமனே பல் தேய்க்கும் சத்தம் மட்டும் வந்தது.

அவள் சொன்னது உண்மைதான். மழைக்கு முந்தின வெளிச்சத்தை நான் வாரக்கணக்கில் தேடினேன். கண்ணாடியில் என் முகத்தைக்கூட வைத்துப் பார்த்தேன், மழைக்குப் பிந்தின சேறுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் என் போன் கீழே விழுந்து கேமரா போயிற்று. டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பெயரே அதுதான் ஆகிவிட்டது, கடைப் பலகையிலும் ‘செல் கிளினிக்’ என்றுதான் எழுதியிருக்கும். முப்பதைத் தொடாத பையன். சரிசெய்துவிட்டு, “ஓடுதான்னு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க சார்” என்றார். எதிரில் இருந்தது அவர் முகம். விளக்கு ஒரு பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், போனுக்குள் இளவரசன்.

கேட்காமல் ஒருவர் முகத்தை எடுத்து விற்றாயிற்று. ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல. புத்தகம் வந்த அதே வாரத்தில் புழுவின் போன் உடைந்தது.

முதலில் மாடிப்படியில் விழுந்தது. டாக்டர் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார். பிறகு வாளித் தண்ணீரில் விழுந்தது. காயவைத்துக் கொடுத்தார். பிறகு ஏன் என்றே தெரியாமல் செத்துப்போனது. ஒவ்வொரு தடவையும் புழுவே கடைக்கு நடந்தாள். பக்கத்துத் தெருவில் பால் வாங்கி வரச் சொன்னால் முனகுகிறவள்.

நாற்பத்தெட்டு வயதுப் பிரம்மச்சாரி நான். காதலர்களை வரைந்தே பிழைப்பு நடத்துகிறவன். நிலா வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழவேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்தக் கணக்குகூடவா எனக்குப் புரியாது? கதவுக்குப் பின்னால் குரலாக இருந்த இளவரசனுக்கு நான் முகம் வைத்தேன், அந்த முகம் தெருமுனையில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கிறது, குழந்தை விழுந்துவிட்டது.

“புழு, உனக்கு யாரையாவது... அதாவது, பொதுவாக் கேக்கறேன்...”

“பொதுவா ஒண்ணும் இல்ல மாமா.”

“தனியா?”

“தனியாத்தான் இருக்கேன்.”

இப்படித்தான் பதில் வரும். பிடித்து நிறுத்தமுடியாது, ஆனால் போகிற போக்கில் ஒரு கீறல் விழும்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நேராகப் பதில் சொல்வது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது. புழுவின் அப்பா, அவள் நடை பழகும் முன்பே நடையைக் கட்டியவர். அக்கா வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். ‘சீக்கிரம் வந்துருவேன், இவளைக் கொஞ்ச நாள் பாத்துக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்தக் கொஞ்ச நாளில் புழுவுக்குச் சட்டை அளவு பலதடவை மாறிவிட்டது. தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், வாரம் ஒருமுறை என்றானாள், பிறகு வேலை அதிகம் என்றானாள். போன மாதம் எனக்கு மட்டும் ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

“தம்பி, இங்க எல்லாம் ஒரு மாதிரி அமைஞ்சிருச்சுடா. ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டோம். அவரு நல்ல மனுஷன், அவருக்குச் சின்னதா ரெண்டு பசங்க. இப்போதைக்கு என்னால அங்க வர முடியாது. அவகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு. உன் பேச்சுன்னா அவ சிரிப்பா.”

நான் திரும்பக் கேட்டேன்: “இவளை அங்க கூட்டிக்குவியா, மாட்டியா?”

“பாக்கலாம்டா” என்று வந்தது.

எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் சைக்கிள் கேட்டபோது அப்பா சொன்னது அது. நேரத்துக்கு முடியுமா என்று மேடம் கேட்கும்போது நான் சொல்வதும் அதுதான்.

ஆக, அம்மா இனி வரமாட்டாள் என்கிற செய்தியை இந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டியவன் நான். ஒரு மாதமாகப் பக்குவத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது மூக்கைவிடச் சிரமமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் ஒரு ஜோக்தான் வந்து விழுகிறது. அதனால், உண்மையைச் சொன்னால், புழுவின் போன் உடையும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிம்மதி. போன் இல்லை என்றால் அம்மாவைப் பற்றிய பேச்சும் வராது.

இருந்தாலும் காதல் விஷயத்தையாவது தீர்த்துவைக்க வேண்டாமா? புத்தகத்தில் ஒரு பிரதியைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

“வாங்க சார். உங்க வீட்டுப் போனுக்கு இங்க தனிப் படுக்கையே போட்டு வச்சிருக்கேன்” என்றார் டாக்டர். கடை என்பது ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் தொடுகிற இடம். உடைந்த கண்ணாடிச் சில்லுகள் ஒரு டப்பாவில், குட்டித் திருகாணிகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு. காத்திருப்பவர்களுக்கு ஒரு ஸ்டூல்.

புத்தகத்தை எடுத்து வைத்தேன். டாக்டர் பார்த்தார். இடது புருவம் மேலே போனது.

“சார், இது நானா?”

“கொஞ்சம்.”

“எனக்கு வாள் பிடிக்கவே தெரியாதே சார்.”

“எனக்கு வாள் வரையவே தெரியாது. உங்க ஸ்க்ரூடிரைவரைத்தான் கொஞ்சம் நீட்டி விட்டேன். கேக்காம எடுத்தது தப்பு. மன்னிச்சுருங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன். பையன் வெட்கப்பட்டான். “இதை அம்மாகிட்ட காட்டணும் சார். பொண்ணு பாக்கப் போன இடத்துல எல்லாம் மாப்பிள்ளை முகம் சுமார்னு சொன்னாங்களாம். இப்போ ஒரு வழியா ஒரு இடம் பேசி முடிச்சிருக்கு. அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணு கிடைக்குமா சார்?”

இதைப் புழுவிடம் வேறு சொல்லவேண்டுமா? பக்குவமாகச் சொல்லவேண்டிய செய்திகள் என்னிடம் வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டன.

டாக்டர் புழுவின் போனை எடுத்து வைத்தார். “இது ரெடி. ஆனா ஒண்ணு சொல்லணும் சார். இது தானாக் கெட்டுப் போறதில்ல. இந்தத் தடவை சிம் தட்டுக்குள்ள ஊசி விட்டு நெம்பியிருக்கு. நான் எதுவும் கேக்கல. சின்னப் பொண்ணு.”

“ரெடின்னு சொன்னா சந்தோஷப்படுவாளா?”

“அதான் இல்ல சார். முகம் சுருங்கிடும். ‘அவசரமில்ல, இன்னும் ரெண்டு நாள் வச்சிருங்க’ன்னு சொல்லும்.”

“பேசுவாளா உங்ககிட்ட?”

“எங்க சார்? ஸ்டூல்ல உக்காந்து ரோட்டைப் பாத்துட்டு இருக்கும். ஒரே ஒரு தடவை கேட்டுச்சு, போன் இங்க கிடக்கறப்போ யாராவது கூப்பிட்டா அவங்களுக்கு என்ன கேக்கும்னு. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வரும்னு சொன்னேன். சிரிச்சிச்சு. அது சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.”

இரண்டு நாள் வைத்திருங்கள் என்றாளாம். அவரைப் பார்த்துச் சிரித்தாளாம். முற்றிவிட்டது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் புழு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். என் வண்ணக் குப்பிகளை உயரவாரியாக அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகம் இல்லாத அவள் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எதிரில் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன்.

“புழு, உன் வயசுல எனக்கும் ஒண்ணு நடந்துச்சு. சோப்பு விளம்பரத்துல ஒரு பொண்ணு. அவளுக்காக ஒரு வருஷம் அந்த சோப்பைத்தான் போட்டேன். உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு.”

“பாவம் மாமா.”

“என்ன சொல்ல வரேன்னா, டாக்டருக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருக்காம்.”

“அப்படியா? நல்லதாப் போச்சு. பாவம், ரொம்ப நல்லவர்.” குப்பிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அழுகையை மறைக்கிறாள் என்று நினைத்து, போனை அவள் பக்கம் தள்ளினேன். “ரெடி ஆயிருச்சு.”

அவள் உடனே தொடவில்லை. பிறகு எடுத்து, பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். திரை வெளுத்தது. வரவேற்புச் சத்தம் வந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை நாள் அணைந்து கிடந்த போன். வராமல் சேர்ந்து கிடந்த அழைப்பு, செய்தி எல்லாம் இப்போது மொத்தமாக வந்து விழவேண்டும். போன் நிறுவனத்திலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. அவ்வளவுதான்.

எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து நானும் போனேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. என் மதியத் தட்டுக்கும் அவள் டம்ளருக்கும் நடுவில் போன் மல்லாந்து கிடந்தது, இன்னும் வெளிச்சத்தோடு. அவள் ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்திருந்தாள்.

“அடிப்பாவி! அவன்மேல அவ்வளவு ஆசையா உனக்கு?”

“யாருமேல?”

“டாக்டர்மேல!”

திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். “மாமா, இத்தனை லவ் கதைக்கு அட்டை போட்டிருக்கீங்களே, ஒரு கதையையாவது படிச்சீங்களா?”

“படிச்சா வரையற ஆசை போயிரும். சரி, எனக்கு ஒண்ணும் தெரியல, ஒத்துக்கறேன். நீ சுத்தி வளைக்காமச் சொல்லு. எதுக்கு இப்படிப் பண்றே?”

“முதல்ல நீங்க சொல்லுங்க. அம்மா வருவாங்களா?”

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒரு ஜோக்கைத் தேடினேன். முதல்முறையாக ஒன்றும் வரவில்லை. வாய் திறந்தது, அதிலிருந்து என் அப்பாவும் என் அக்காவும் சேர்ந்தாற்போல் பேசினார்கள்.

“பாக்கலாம்.”

அவள் தலையை ஆட்டினாள். வராது என்று நினைத்த பேருந்து நினைத்தபடியே வராமல் போனால் ஆட்டுவதுபோல. தொட்டியில் வெளிச்சம் ஒருமுறை துடித்து அணைந்தது. அவள் விரலை எடுத்தாள். குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“புழு, நேராச் சொல்லும்மா.”

சொன்னாள்.

“போன் கடைல கிடந்தா, அம்மா கூப்பிட்டிருப்பாங்க, எனக்குத்தான் வரலன்னு நினைச்சுக்கலாம் மாமா. போன் நல்லா இருந்தா அப்படி நினைச்சுக்க முடியல.”