ஃபுசாயேவின் பாதி வட்டம்

கியோட்டோவில் அவரவர் வாசலை அவரவர் பெருக்க வேண்டும். எல்லைக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தினால் சோம்பேறி. ஒரு விரற்கடை தாண்டினால் அதிகப்பிரசங்கி. இப்படிப்பட்ட தெருவில் போய் இலையால் வட்டம் போடக் கிளம்பினாள் ஃபுசாயே. வேறு இடமா கிடைக்கவில்லை என்றால், அவளுக்கு நிஜமாகவே கிடைக்கவில்லை.

அவள் கணவர் தட்சுஸோ மழைக்காலத்தில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றுவதிலேயே அவளுக்கு அழ நேரமில்லாமல் போயிற்று. பிறகு நேரம் கிடைத்தது, அழுகைதான் வந்தபாடில்லை. இலையுதிர்காலமே வந்துவிட்டது. நான் என்ன கல்லா என்று அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது.

பேட்டை மன்றத்தில் துக்கம் ஆறுவதற்கென்று வகுப்பெடுத்த பெண்தான் யோசனை சொன்னாள். "உதிர்ந்த இலைங்கள வட்டமா அடுக்குங்க. ரெண்டு கையையும் விரிச்ச அகலம் இருக்கணும். அது வாடுறதப் பாத்துக்கிட்டே சும்மா உக்காருங்க. உள்ள அடைச்சிருக்கறது தானா வெளிய வரும்."

கை விரித்த அகலமாம்! ஃபுசாயே வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே கதவு திறக்காது. பாதி வட்டம் பக்கத்து வீட்டு நிஷிகாகி-சான் வாசலில்தான் விழுந்தது. மஞ்சள் கிங்கோ, சிவந்த செர்ரி இலை, நடுவில் ஓக் கொட்டைகள். சாயங்காலம் முடித்தபோது பார்க்க அழகாகவே இருந்தது.

காலையில் பாதிதான் இருந்தது. கத்தியால் அறுத்த மாதிரி எல்லைக்கோட்டோடு நின்றிருந்தது.

நிஷிகாகி-சான் ஒரு பையோடு வந்து நின்றாள். பெருக்கிய இலைகளைக் கழுவித் துடைத்து, நிறவாரியாகக் கட்டி, மேலே ஒரு பயறு இனிப்பும் வைத்திருந்தாள்.

"உங்க இலைங்க எங்க பக்கம் வந்துடுச்சுங்க. இல்ல இல்ல, எங்க வாசல்தான் உங்க இலைக்கு இடைஞ்சலா இருந்திருக்கு. மன்னிச்சுக்கணும்."

"ஐயையோ, மன்னிப்பு நானில்ல கேக்கணும்!" என்று ஃபுசாயே இடுப்பொடியக் குனிந்தாள். அந்தப் பையை அவள் தலையிலேயே கவிழ்த்தால் என்ன என்று உள்ளுக்குள் கொதித்தது. ஆனால் கொடுத்ததற்குப் பதில் செய்யாமல் இருக்க முடியுமா? டர்னிப் ஊறுகாய் போயிற்று.

மறுபடி வட்டம் போட்டாள். மறுபடி பாதி, மறுபடி பை, கூடவே அரிசிப் பணியாரம். பதிலுக்குச் சீமைப்பனிச்சைப் பழம். அதற்குப் பதில் யூஸு எலுமிச்சை. இரண்டு வீட்டிலும் ஃப்ரிட்ஜ் மூட மறுத்தது. இவர்களைப் போல ஒற்றுமையான அண்டை வீட்டார் உண்டா என்று தெருவே மெச்சிக்கொண்டது, வயிற்றெரிச்சல்!

ஒரு விடியற்காலையில் ஃபுசாயே கதவுக்குப் பின்னால் காத்திருந்தாள். வெளியே துடைப்பம் சரசரவென்று வந்து, கோட்டருகே டக்கென்று நின்றது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள்.

"நிஷிகாகி-சான்! என் புருஷனப் பாதி பெருக்கிட்டீங்களே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஃபுசாயே வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, வெட்கமே இல்லாமல் தேம்பினாள். கண்ணீர் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொட்டியது.

நிஷிகாகி-சானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதற்கென்று அந்தத் தெருவில் ஒரு முறையும் கிடையாது. உள்ளே ஓடி ஒரு துணியை எடுத்து வந்தாள். மண்டியிட்டு, தன் பக்கம் விழுந்த கண்ணீரைக் கோடு வரைக்கும் சுத்தமாகத் துடைத்தாள். அங்கே அவள் கை நின்றது. ஃபுசாயே பக்கம் இன்னும் ஈரமாகக் கிடந்த துளிகளைப் பார்த்தாள்.

"ஃபுசாயே-சான்," என்றாள் கடைசியில். "நான் அந்தப் பக்கம் கொஞ்சம் வரலாமாங்க?"

ஃபுசாயே மூக்கை உறிஞ்சிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள்.